பின்செவுத்துச் சூடு

அட, குளிர் காயற அடுப்புல ஒரு கொறையும் இல்லப்பா கலையரசா. நீ வெச்ச இரும்புப் பொட்டி கும்முனு எரியுது. மெட்ராஸ்லேருந்து வெள்ளிமலைக்கி வந்து நம்ம பங்களாவுல வாடகைக்கித் தங்குறவங்க கம்பளிய ஒதறிப் போட்டுட்டுத் தூங்குறாங்கன்னா பாத்துக்கயேன். நான் உன்ன வரச்சொன்னது வேற வேலைக்கி. பொட்டிக்குப் பின்னாடி பஞ்சு அடைச்சியே, நெருப்புல வேகாத பஞ்சு, அத்தப் புடுங்கணும்.

இரு, கத்தாத. சூடு பின்செவுத்துல எறங்கிடும்னு எனக்குத் தெரியாதா? அதுக்குத்தானே ரெட்ட அடுக்கா அடைக்கச் சொன்னேன். ஒத்த அடுக்கு போதும்னு நீகூட சொன்னே. நாந்தான் கேக்கல.

அந்தச் செவுத்துக்கு அந்தாண்ட இன்னா கீது? வாட்ச்மேன் ரூமு. பச்சமுத்து, அவன் பொண்டாட்டி செவ்வந்தி, ஒரு கைக்கொழந்த. பழைய அடுப்பு இருந்தப்ப ஒருநா காலையில எட்டிப் பாக்குறேன், மகராணி புள்ளைய மடியில போட்டுக்கினு, செவுத்துல முதுக சாச்சிக்கினு சொகமா குந்தினுகீறா. என்னப் பாத்து சிரிப்பு வேற. செவுரு கதகதன்னு கீதுங்க, புள்ள நல்லாத் தூங்குதுங்கன்றா. எனக்கு வயிறு எரிஞ்சிதுப்பா. வெறவு என்னுது, குளிர் காயறது அவளா? ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே சரின்னிருப்பேன்.

நீ அடைச்சிட்டுப் போன மறுநாளே வந்து நின்னா. செவுரு ஜில்லுனு ஆயிப்போச்சிங்க, புள்ளைக்கி சளி கட்டுதுங்கன்னு. மலையில பொறந்த புள்ளைக்கி இன்னாம்மா குளிருன்னு அனுப்பிட்டேன். ரூமுக்குள்ள சட்டியில நெருப்பு வெச்சிக்கிறேன்னா. பெயின்ட்டு கறுத்துடாது? அதெல்லாம் கூடாதுன்னுட்டேன்.

இப்ப இன்னாத்துக்குப் புடுங்கணுமா? ரூமு காலிப்பா. பொங்கலுக்கு முன்னாடியே போயிட்டாங்க. சும்மா கெடக்குதேன்னு வெறவு அடுக்கி வெச்சேன். ஒரே ஈரம், அத்தினியும் பூஞ்ச புடிச்சிப் போச்சி. செவுரு சூடா இருந்தா தன்னால காஞ்சிடும்ல?

எங்க போனாங்களா? யாரு கண்டா. மார்கழிக் குளிரு புள்ளைக்கித் தாங்கல. பின்னாடி ஓடையோரம் பொதைச்சிட்டு, சம்பளங்கூட வாங்காம கீழ எறங்கிட்டாங்க.

இன்னாப்பா, உளியக் கீழ வெச்சிட்டே? அன்னிக்கி நாஞ் சொன்னேன், நீ அடைச்சே. இன்னிக்கும் நாந்தான் சொல்றேன், எடு. சாயந்தரம் ஆளுங்க வராங்க, வெறவு நமுத்துப் போய்க் கெடக்குது.