லாவண்டர் வாசனைக் கோட்டு

காலை கும்மிடிப்பூண்டி ரயிலில் மீஞ்சூர் தாண்டியதும், எதிர் சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்:

"எங்க ஊட்டுக்காரரு என் கம்பெனி கோட்ட மூஞ்சி மேல போட்டுக்கினுதான்க்கா தூங்குறாரு."

"இன்னாடி சொல்ற?"

"அவரு வேல செய்ற எடத்துல பாய்லர் வெடிச்சதுல இருந்து தூக்கமே இல்ல, சோறும் எறங்கலக்கா. கண்ண மூடுனா அந்த சத்தம் கேக்குதுன்னு எழுந்து உக்காந்துக்குவாரு. மாத்திரை போட்டும் கேக்கல. ஞாயித்துக்கெழம மத்தியானம் கோட்ட துவைக்க எடுத்தேன். நாம கம்பெனில நாள் பூரா பாட்டில்ல லாவண்டர் எண்ணெ ரொப்புறோமே, அந்த வாசனை. 'இங்க குடு'ன்னு வாங்கி மோந்துக்கினே படுத்தாரு. சாயங்காலம் வரைக்கும் அசையவே இல்ல."

"ஐயய்யோ!"

"பயந்துபோயி மூக்குகிட்ட வெரல வெச்சுப் பாத்தேன். கொறட்ட வந்துச்சு. அங்கியே உக்காந்து அழுதுட்டேன்."

"டாக்டராண்ட சொன்னியா?"

"சொன்னேன். சில பேருக்கு அந்த வாசனை மனச அமைதிப்படுத்தும், நல்லதுதான்னாரு. மாத்திரைய நிறுத்தாத, எண்ணெய வாயில மட்டும் வெச்சிடாதன்னாரு."

"இப்ப எப்பிடி இருக்காரு?"

"இன்னிக்கு காத்தால அவரா எழுந்து வந்து, 'இன்னா நாஷ்டா, பசிக்குது'ன்னாருக்கா."