எனிஃபா என்று நான் வைத்த பெயர்

ஹலோ... ஹலோ, கம்வெண்டோ ஐயாவா?... நான்தாங்க, தமாண்டா. ஸோம்பாவிலேருந்து... ஆமா, ஆமா, ஆராய்ச்சிக்குன்னு உங்க ஏரிக்கரைக்கு வந்த யுனிவர்சிட்டிப் பொண்ணுதான். ஐயா, கொண்ட்வானி அம்மாவுக்கு ஒரு படகுக்காரரும் மீன் குடுக்கறதில்லையாமே?... கூடையத் தண்ணியில தூக்கி எறிஞ்சாங்களா? ஐயோ!

கேளுங்க ஐயா. கொஞ்சம் நான் சொல்றதக் கேளுங்க. அந்தக்கா எங்கிட்ட ஒண்ணுமே சொல்லல. ஒரு நாள் அவங்ககிட்ட உசிப்பாக் கருவாடு வாங்கினேன், அவ்வளவுதான்... இருக்கு, உங்க ஊரு வாத்தியார் படிச்சுக் காட்டின என் அறிக்கையில எனிஃபான்னுதான் இருக்கு. ஆனா அது நானா வச்ச பேரு! பேசினவங்களக் காப்பாத்த வேற பேரு போட்டு எழுதணும், எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்குடுக்கறாங்க... எங்க சித்தி பேரு ஐயா அது! ஊரே அவங்களக் கொண்ட்வானி அம்மா, கொண்ட்வானி அம்மான்னுதானே கூப்பிடுது. சொந்தப் பேரு எனிஃபான்னு எனக்கு எப்படித் தெரியும்?

...சரிங்க. படிச்ச கழுதைதான். ஒத்துக்கறேன்... யாரு? அக்காவா? அக்கா, அழாதீங்கக்கா... திட்டுங்க. நல்லாத் திட்டுங்க... புள்ளைங்க சாப்பிட்டுச்சா?... அக்கா, போனை அவருகிட்டயே குடுங்க.

ஆமாங்க ஐயா. தடைய மீறிக் கொசுவலை போட்டுக் குஞ்சு மீன அள்றவங்ககிட்ட, தடுக்க வேண்டிய கரைக்குழுவே பங்கு வாங்குதுன்னு எழுதியிருக்கேன். உங்க பேரை எழுதலையே... ஆமா, ஆமா, குழுவுக்குத் தலைவர் நீங்கதான்.

அது மட்டும் கேக்காதீங்க. யார் சொன்னாங்கன்னு சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்... டோரிகாவா? இல்லீங்க... ஃபலேசியும் இல்ல. ஐயா, இப்படி ஒவ்வொரு பேரா...

...

...இருக்கேன். இருக்கேன் ஐயா. இல்ல, இல்ல! நீங்க கடைசியாச் சொன்ன பேருக்கு நான் பேசாம இருந்தது, அவங்கதான்னு அர்த்தம் இல்ல! லைன் விட்டுப் போச்சு... ஐயா, ஆளனுப்பாதீங்க. அவங்கள ஏன் கூப்பிடறீங்க? வேணாம்! இருங்க, இருங்க!

யாருமே சொல்லல.

...ஆமா. யாருமே. நானே எழுதினது... பொய்தான். அந்தப் பேட்டி முழுக்கப் பொய். ஒரு பேட்டி கொறைஞ்சுது, ரூம்ல உக்காந்து நானே கட்டிவிட்டேன்... டேப்பா? யாராவது பேசியிருந்தாத்தானே டேப்பு இருக்கும்.

சிரிங்க ஐயா, நல்லாச் சிரிங்க... யுனிவர்சிட்டிக்கா? எழுதுங்களேன்... தெரியும். இல்லாத பேட்டிய எழுதினா வெளிய அனுப்பிடுவாங்க, மொத வகுப்புலயே சொன்னாங்க... எங்கம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். அது உங்களுக்கு எதுக்கு?

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இப்பவே படகுங்க பக்கத்துல போய் நின்னு, எல்லாருக்கும் கேக்கறாப்பலச் சொல்லுங்க. கொண்ட்வானி அம்மா எதுவும் சொல்லலன்னு. எந்தப் பொம்பளையும் எதுவும் சொல்லலன்னு. அந்தப் பொண்ணு புளுகிட்டான்னு... ஆமா, புளுகி. அப்படியே சொல்லுங்க. இன்னிக்கே அந்தக்கா கூடையில மீன் விழணும்... சரி... சரி.

எழுதிக்கறீங்களா? தமாண்டா ம்வாலே... ம்வாலே. ஆமா, ஆமா, அதேதான்... இல்லீங்க ஐயா. இது மாத்தி வச்ச பேரு இல்ல. என் சொந்தப் பேருதான்.

வைக்கறேன்.