முன்னாள் மேனேஜர்

ஐயம்பேட்டையில் நான் ஏறிய ஷேர் ஆட்டோவில், மடியில் பட்டுநூல் பையோடு இருந்த அம்மாள் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார்:

"நேத்து பத்து நிமிசம் நான் கம்பெனி மேனேஜர்மா."

ஓட்டுநர் பாட்டை நிறுத்திவிட்டார்.

"நீயாக்கா?" என்றாள் அந்தப் பெண்.

"எங்க நாத்தனார் பையன், முன்ன வேலை பாத்த கம்பெனின்னு என் நம்பரை எழுதிக் குடுத்துட்டான். ஆளெடுக்கற பொண்ணு விசாரிக்க போன் பண்ணுச்சி."

"தறி சத்தம் கேட்டிருக்குமே?"

"மெஷின் ஓடிக்கினு இருக்குதுன்னேன். பையன் எப்படின்னுச்சி, தங்கம்னேன். லீவு போடுவாரான்னுச்சி, ஞாயித்துக்கெழமகூட வருவான்னேன்."

"கில்லாடிக்கா நீ!"

"கடைசியில, 'அவரு திரும்பி வந்தா சேத்துப்பீங்களா மேடம்'னு கேட்டுச்சி. ஐயோ, வேணவே வேணாம்மான்னு கத்திட்டேன்."

நான் இறங்க வேண்டிய இடம் வந்தது, போயும்விட்டது.

"ஏன்க்கா?"

"போன வருசம் மூணே நாள் எங்க தறியில உக்காந்தான். கட்டியிருந்த பாவுல பாதி இழைய அறுத்துட்டான்."

"போச்சு, அவன் வேலையே போச்சு! அவ்ளோ பொய் சொன்னியே, அந்த ஒண்ணையும் சேத்து சொல்லக் கூடாதா?"

"சொல்லிருப்பேன்மா. நெசமாவே திருப்பி அனுப்பிட்டாங்கன்னா?"