காற்றுப் படாத அறை

— கதவ ஏன் தொறந்து போட்டுட்டு வர்ற வேணி? பச்சை உடம்புக்காரி படுத்துகினு இருக்குறா. காத்து புகுந்தா யாரு பாக்குறது?

— புகுந்தா புகுந்துட்டுப் போவுது. உங்க பொண்ணு மறுபடியும் மயங்கி வுழுந்துட்டா. இப்பதான் தூக்கிப் படுக்க வெச்சுட்டு ஓடியாறேன்.

— மெதுவா பேசு. தெருவுல ஆளு போவுது.

— தெருவப் பாத்துகினு இருங்க! துர்கான்னு கூப்டா ம்ங்குறா, திரும்பக் கண்ணு சொருவிக்குது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போயிடலாங்க.

— ஆஸ்பத்திரிக்கா? அங்க நர்சு யாரு? மாப்பிள்ளையோட பெரியம்மா பொண்ணு. மத்தியானம் குழந்தைக்குத் தொட்டில் போட கெடார் ஊருல இருந்து வேன் வெச்சுகினு வர்றாங்க சம்பந்தி வீட்டுல. வர்ற வழியிலயே சேதி போயிடும். “பொண்ணுக்கு வலிப்பு, மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டான் மாயவன்”னு நம்ம கூடத்துலயே உக்காந்து பேசுவாங்க. நம்ம வமிசத்துல வலிப்புன்னு யாருக்காச்சும் உண்டா?

— இல்லியே. அதத்தான் நானும் சொல்றேன். பொறந்ததுல இருந்து ஒரு நாளு மயங்கியிருப்பாளா? புள்ளையப் பெத்துகினு இந்த ரூமுக்கு வந்த பொறவுதானே?

— ரத்தம் கம்மியா இருக்கும். முருங்கக்கீரை ஆக்கிப் போடு.

— குழந்தைக்குமா ரத்தம் கம்மி? வெடிஞ்சதுல இருந்து பாலு கேட்டு அழுவல. குளிப்பாட்ட வந்த ராஜாமணி, “தலையப் பொளக்குதுக்கா”ன்னு எண்ணெக் கிண்ணத்தக்கூட எடுக்காம போயிட்டா. எனக்கும் அங்க உக்காந்தா குமட்டுது. கொல்லைக்கு வந்து நின்னா தெளிஞ்சுடுது.

— கண்ணு பட்டிருக்கும். மேல்மலையனூரு அம்மனுக்கு மஞ்சத்துணியில காசு முடிஞ்சு வை. அமாவாசைக்குப் போயிட்டு வந்துடலாம்.

— முடியுறேன். ஆனா அந்த ரூமுல டீசல் நாத்தம் ஏங்க அடிக்குது?

— பக்கத்துலயே பாய்லரு இருக்குது, அடிக்காம? மரக்காணம் பக்கம் ஒரு லாட்ஜ மூடினப்ப நானே போயி எடுத்தாந்த சாமான் அது. திண்டிவனத்துல எவன் வீட்டுல இருக்குது சொல்லு? வெறகு ஊதி ஊதி நீ இருமுறியேன்னுதானே வாங்கிப் போட்டேன்? புள்ள பெத்தவளுக்கு நாளெல்லாம் வெந்நீர் வேணும், அமத்தாதீங்கன்னு நீதானே சொன்ன?

— சொன்னேன். இப்பவும் எரிஞ்சுகினுதான் இருக்குது. அதுக்குப் பின்னாடி செவுரு பாத்தீங்களா? சுண்ணாம்பே தெரியல, அம்மாம் கரி.

— புகை போறதுக்குத்தான் குழா வெச்சிருக்குதே. மொட்ட மாடிக்கு மேல ஆளு ஒசரத்துக்கு நிக்குது.

— அதாங்க எனக்குப் புரியல. காலையில துணி காயப்போடுறப்ப அண்ணாந்து பாத்தேன். முன்னல்லாம் லேசா நீலமா போவும். இப்ப துளி வரல. கீழ எரியுது. அப்ப புகை எங்க போவுது?

— துளிகூட வரலியா?

— வரல. குழா தலையில நீங்க கவுத்து வெச்ச திருஷ்டிப் பானைதான் பல்லக் காட்டிகினு நிக்குது.

— தெருவுக்கே அதானே ஒசரம்? புது வீடு. வர்றவன் போறவன் கண்ணெல்லாம் அங்கதான் போய் நிக்கும்னு...

— சும்மாதானே கவுத்தீங்க?

— காத்துல ஆடுச்சு. கழுத்தச் சுத்தி சாக்கு திணிச்சு, கம்பி போட்டு முறுக்கிட்டேன்.

— ஐயோ! அப்ப வாய அடைச்சுட்டீங்களா?

— வேணி! பாய்லர அமத்து! ஜல்தி!

— எந்தப் பட்டனுங்க?

— செவப்பு! அத அமத்திட்டுக் குழந்தைய எடு. நான் துர்காவத் தூக்குறேன். உள்ள போனா மூச்சு வுடாத.

— ஜன்னல்ல துணி திணிச்சிருக்குதே!

— அது கெடக்கட்டும், வெளிய வா! கொல்லைக்கு! இப்பிடிப் படுக்க வை... துர்கா! அம்மாடி! அப்பாவப் பாரு!

— ஏங்க, குழந்தை அழுவல.

— உள்ளங்கால சுண்டு.

— சுண்டுறேன். அழுவலியே! கழுத்து தொவளுதுங்க!

— முதுவத் தேய். நிறுத்தாத. தேய்டி!

— அங்காளம்மா, தாயே, எங்கிட்ட குடுத்துடு... குடுத்துடு... அழுவுது! அழுவுதுங்க!

— துர்கா! காதுல வுழுதா? உம் புள்ள அழுவுது பாரு!

— ப்பா... தல வலிக்குது...

— பேசிட்டா. பேசிட்டா வேணி.

— ஆம்புலன்சுக்குப் போன் போடுங்க.

— போடுறேன். ஆனா நான் சொல்றதக் கேளு. யாரு கேட்டாலும் மெஷின் ரிப்பேருன்னு சொல்லு. பானையப் பத்தி வாயத் தொறக்காத. வண்டி வர்றதுக்குள்ள நான் மேல ஏறிக் கழட்டிடுறேன்.

— டாக்டருகிட்டகூடவா மறைக்கிறது?

— புகைன்னு சொல்லு. யாரு அடைச்சான்னு அவரு கேக்கப் போறாரா? இந்தத் தெருவுல தல நிமுந்தே நடந்துட்டேன் வேணி. பெத்த பொண்ணையே கொல்லப் பாத்தவன்னு பேரெடுக்க என்னால ஆவாது. பொழச்சுட்டாங்க இல்ல? அந்தப் பானையால இந்த வீட்டுல ஒரு உசுரும் போவல. அத்தோட வுடு.

— பொங்கலுக்குத்தானே அத வெச்சீங்க?

— காணும் பொங்கலன்னிக்கு. ஏன்?

— தை கடைசியில குளுருதுன்னு, வெந்நீருக்குப் பாய்லர எரிய வுட்டுகினு, உங்க அக்கா அஞ்சம்மா அந்த ரூமுலதானேங்க கதவச் சாத்திகினு படுத்தாங்க? தூக்கத்துலயே போயிட்டாங்க, யாருக்குக் கெடைக்கும் இப்பிடி ஒரு சாவுன்னு நீங்கதானே ஊரெல்லாம் சொன்னீங்க?