வலது பக்கம் புரண்டால்

— அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர், தலை சுத்தும், அவ்வளவுதான். நாலு டாக்டர் பார்த்தாச்சு. ரத்தம் கம்மின்னாங்க, தூக்கம் கம்மின்னாங்க, ஒருத்தர் கவலையைக் குறைங்கன்னாரு. நீங்க காது டாக்டர். தலை சுத்துறதுக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்?

— சொல்றேன். அதுக்கு முன்னாடி நீங்க சொல்லுங்க. என்ன வேலை பார்க்கிறீங்க?

— பெயிண்டர். கட்டடத்துக்கு அடிக்கிறது. இந்தத் தலைசுத்தல் வந்ததுலேருந்து மேஸ்திரி என்னை ஏணியில ஏத்த மாட்டேங்கிறாரு. கீழ நின்னு சுவத்துக்குப் பட்டி தேய்ச்சுட்டிருக்கேன். இப்படியே போனா அதுக்கும் வர வேண்டாம்னுடுவாரு.

— சரி. சுத்த ஆரம்பிச்சா எவ்வளவு நேரம் சுத்தும்?

— அப்ப கடிகாரம் பார்க்கவா தோணும்? உலகமே கவுந்த மாதிரி இருக்கும். ரொம்ப நேரம்.

— அரை நிமிஷம் கூட இருக்காது டாக்டர். கூட வந்தவ நான், சும்மா சொல்றேன்.

— அத்தை, டாக்டர் என்னைத்தான் கேட்கிறாரு.

— கணவரோட அம்மாவா? பரவாயில்ல, சொல்லட்டும். எப்பெப்ப வருதும்மா?

— படுக்கையில வலது பக்கம் புரண்டா வரும். இடது பக்கம் புரண்டா வராது. கொடியில துணி போட அண்ணாந்தா வரும். குனிஞ்சு முகம் கழுவிட்டு நிமிர்ந்தா வரும். நடக்கும்போது ஒருநாளும் வந்ததில்ல.

— நான் எந்தப் பக்கம் புரள்றேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

— லீவு நாள்ல மத்தியானம் ஹால்லதானே படுக்கிறே. நான் சும்மா பார்ப்பேன்.

— எல்லாரும் இதைக் கேட்காம விட்டிருக்காங்க. வாங்க, இந்தக் கட்டில்ல காலை நீட்டி உட்காருங்க. தலையை வலது பக்கம் திருப்புங்க. நான் பிடிச்சுக்கிட்டுச் சட்டுனு பின்னாடி சாய்க்கப் போறேன். கண்ணை மூடக் கூடாது.

— டாக்டர்... சுத்துது. விடுங்க, சுத்துது.

— சுத்தட்டும். அதைப் பார்க்கத்தான் சாய்ச்சேன். கண்ணு துள்ளுது பாருங்கம்மா.

— அத்தை, கையைக் கொடுங்க.

— பிடிச்சிருக்கேன். நீ விட்டாலும் நான் விட மாட்டேன்.

— இப்ப?

— நின்னுடுச்சு.

— நல்லது. தலையை இடது பக்கம் திருப்புறேன். அப்படியே உடம்போட ஒருக்களிச்சுத் தரையைப் பாருங்க. கொஞ்சம் இருங்க. ம், இப்ப மெதுவா எழுந்து உட்காருங்க.

— என்ன பண்ணீங்க டாக்டர்?

— காதுக்குள்ள மணல் மாதிரி பொடிப்பொடியா துகள் இருக்கும். அதுல கொஞ்சம் நழுவி, போகக் கூடாத குழாய்க்குள்ள போயிடுச்சு. தலையைத் திருப்பித் திருப்பி அதை வீட்டுக்கு அனுப்பி வச்சோம்.

— ஊசி, மாத்திரை ஏதாவது?

— வேண்டாம்மா.

— நான் ஏணி ஏறலாமா?

— ஒரு வாரம் போகட்டும். மறுபடி சாய்ச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன். என்னைக்காவது திரும்ப வந்தாலும் பயப்பட வேண்டாம், இதையே செஞ்சா போயிடும். நன்றியை எனக்குச் சொல்லாதீங்க. பாதி வேலையை உங்க மாமியாரே முடிச்சுக் கொடுத்துட்டாங்க. வெளியே கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போங்க.

— அத்தை, இந்த பெஞ்சுல உட்காருங்க. இப்ப டியூப்லைட்டை அண்ணாந்து பார்த்தேன். ஒண்ணுமே ஆகல.

— ரொம்பப் பார்க்காதே. அந்தத் துகள் இப்பத்தான் ஒட்டியிருக்கு, கொஞ்சம் காயட்டும்.

— ஒண்ணு கேட்கட்டுமா? நான் குளிக்கப் போனா நீங்க கதவுக்கு வெளியே வந்து நிப்பீங்களே. தண்ணி எவ்வளவு செலவு பண்றேன்னு பார்க்கத்தான் நிக்கிறீங்கன்னு நினைச்சேன்.

— அதையும் பார்த்தேன். பக்கெட் வழியுது, நீ பாட்டுக்குப் பாடிட்டே இருக்கே.

— பாட்டு முடிஞ்சதும் தட்டுவீங்க. போதும், வெளியே வான்னு சொல்றீங்கன்னு எனக்கு எவ்வளவு கோபம் வரும் தெரியுமா?

— பாட்டு கேட்கிற வரைக்கும் நீ நிக்கிறேன்னு தெரியும். பாட்டு நின்னுட்டா, விழுந்துட்டியோன்னு தட்டுவேன்.

— சொல்லியிருக்கலாமே அத்தை.

— ஏற்கெனவே பயந்து போயிருந்தே. நானும் சேர்ந்து பயமுறுத்தணுமா?

— எங்கம்மா இருந்திருந்தாக்கூட இப்படி நின்னிருப்பாங்களான்னு தெரியல. நன்றின்னு சொன்னா உங்களுக்குப் பிடிக்காது. இருந்தாலும் சொல்லாம இருக்க முடியல.

— சரி, சொல்லிட்டேல்ல. நானும் ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது.

— சொல்லுங்க.

— நீயும் என் பிள்ளையும் எனக்குத் தெரியாம தனிக்குடித்தனத்துக்கு வீடு பார்த்து வச்சிருக்கீங்களே, அதைப் பத்தி.

— அத்தை... அது வந்து... யாரு சொன்னாங்க உங்களுக்கு?

— யார் சொன்னா என்ன. நேத்தே போய்ப் பார்த்துட்டேன். நல்ல காத்தோட்டம். பாத்ரூம் தரைதான் வழுக்குது. சுவத்துல கைப்பிடி வச்சுக் கொடுத்தாத்தான் என் மருமக குடி வருவான்னு வீட்டுக்காரர்கிட்ட கண்டிப்பா சொல்லிட்டு வந்திருக்கேன்.