சாவி இல்லாமல் ஓடிய எஞ்சின்

பெயர்: பக்கீர் முகம்மது முத்தலிப். வயது: 41. தொழில்: வாகனங்களின் எஞ்சின் கொம்பியூட்டர் திருத்துதல். வதிவிடம்: காத்தான்குடி. மொழி: தமிழ். வாக்குமூலம் தரும் காலம்: 2008 ஜூலை. தேற்றாத்தீவைச் சேர்ந்த யோகராசா என்பவர் காணாமற்போனது சம்பந்தமாக அல்லாஹ்வை முன்னிறுத்தி நான் சொல்வதாவது:

நான் மேற்படி ஊரில் என் மனைவி றமீஸாவுடன் வசித்து வருகிறேன். அதற்கு முன்னர் சார்ஜாவில் ஒரு கராஜில் வேலை செய்து, அங்குள்ள பணக்காரப் பிள்ளைகள் மணலில் ஓட்டும் டர்போ கார்களின் கொம்பியூட்டர்களைத் திறந்து பழுது பார்க்கவும், எஞ்சினுக்கு எந்த நேரம் எவ்வளவு பெற்றோல், எந்த நேரம் தீப்பொறி என்பதை மாற்றி எழுதவும் பழகினேன். ஊருக்குத் திரும்பிய பின்னர் இந்த வேலைக்கு வேறு ஆளும் இல்லை, காரும் இல்லை. சோதனைச் சாவடிக்குச் சாவடி இறங்கி நடக்கிற ஊரில் வேகக் காருக்கு என்ன வேலை என்று என் மனைவியே சிரிப்பார்.

அதன் பின்னர்தான் யோகராசா வந்தார். கல்யாணங்களுக்கு மாப்பிள்ளை ஏற்றும் தொழில் செய்பவர். அவருடைய வெள்ளை நிற ஜப்பான் டர்போ கார், வேகம் எடுக்கும் இடத்தில் மூச்சடைத்து நின்றது. கொம்பியூட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தபோது உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிற்றர்கள் வயதாகி ஒழுகி, பலகையிலுள்ள செப்புக் கோடுகளைத் தின்றிருந்தன. அவற்றை மாற்றி, அறுந்த கோடுகளுக்கு மயிர்போன்ற கம்பி வைத்து ஈயம் பற்றவைத்தேன். அதன் பின்னர் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் இருந்து, வயல் வட்டைக்கு நடுவே போகும் நேர் வீதியில் விடியற்புறம் ஓடிப் பார்த்தோம். திரையில் பெற்றோல் கணக்கு வரம்பு கட்டிய வயல் மாதிரிக் கட்டம் கட்டமாகத் தெரியும். எஞ்சின் அந்த நேரம் ஓடும் கட்டம் மட்டும் ஒளிரும். நான் கூட்டியும் குறைத்தும் கொண்டு போவேன். டர்போ விசிலடிக்கத் தொடங்க இரண்டு பக்கமும் கொக்குகள் எழும்பும், பனி எங்களுக்காகவே விலகுவது போலிருக்கும், அடுத்த சாவடி எங்கோ தூரத்தில் கிடக்கும். அந்தக் கொஞ்ச நேரம் சண்டை நடக்கும் நாட்டில் இருக்கிறோம் என்பதே எனக்கு மறந்துபோகும். இதை எழுதும் பொலிஸ் அதிகாரி, இது விசாரணைக்குத் தேவையில்லை என்று சொன்னார். தேவை என்று நான் சொன்னதன்பேரில் எழுதப்பட்டது.

அதன் பின்னர் அவருக்கு ஒரு விடயம் சொல்லிக் கொடுத்தேன். டர்போ என்பது புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் சக்கரம். ஓடி வந்த சூட்டில் எஞ்சினைச் சட்டென்று நிறுத்தினால் அதன் எண்ணெய் கருகி அச்சு பாழாகிவிடும். சில நிமிடம் சும்மா ஓடவிட்டு ஆறவைத்துத்தான் நிறுத்த வேண்டும். யோகராசா பொறுமை இல்லாதவர். "இறங்கிப் போய் ஒரு தேத்தண்ணி குடிக்கவும் ஏலாதா, நானா?" என்று எங்கள் ஆட்கள் அண்ணனை அழைக்கும் முறை வைத்துக் கேட்டார். ஆகையால் சாவியை உருவிக்கொண்டு இறங்கினாலும் எஞ்சின் தானாகக் கொஞ்ச நேரம் ஓடி, தானாகவே அணைந்துபோகும்படி ஒரு சிறு மின்சுற்றை நானே செய்து, கொம்பியூட்டர் பெட்டிக்குப் பின்னால் பூட்டிக் கொடுத்தேன். அது அவருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

கடந்த மார்ச் மாதம் வெல்லாவெளியில் மாப்பிள்ளையை இறக்கிவிட்டுத் திரும்பியவர் வீடு சேரவில்லை. அதன் பின்னர் வெயில் காலத்தில், அவர் திரும்பும் வழியிலுள்ள உப்புத் தண்ணீர் வாவி வற்றியபோது மீன்பிடிக்காரர் ஒருவரின் வலை காரின் கூரையில் சிக்கியதாக அறிந்தேன். காரைக் கரையேற்றிய பின்னர், பெட்டியைத் திறந்து பார்க்க வேறு ஆள் இல்லாதபடியால் பொலிஸார் என்னை அழைத்தார்கள். ஆசனங்களில் பாசி வளர்ந்திருந்தது. பின் ஆசனத்துக் குழியில் மிஞ்சியிருந்த தண்ணீரில் மீன்குஞ்சுகள் திரிந்தன. கார் இன்னும் எங்கேயோ மெல்லப் போய்க்கொண்டிருப்பது போலத் தோன்றியது. நான் அழுதேன். அதையும் எழுதச் சொன்னேன்.

அதன் பின்னர் பெட்டியைக் கழற்றிக் கழுவி உலர்த்திப் பார்த்தேன். மின்சாரம் ஓடும் முனையை உப்புத் தண்ணீர் தின்னும். ஓடாத முனையை விட்டுவைக்கும். எஞ்சின் ஓடும்போது மட்டும் மின்சாரம் பெறும் முனை முழுதாகக் கரைந்திருந்தது. ஆகவே தண்ணீர் புகுந்தபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது என்று சொன்னேன். "அப்ப நித்திரைத் தூக்கத்தில ஓடி விழுந்திருக்கார். முன் கண்ணாடி உடைஞ்சதால உடல் மிதந்து போயிருக்கும்" என்று அங்கிருந்த அதிகாரி சொல்லி விசாரணைக் கோவையை மூடப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்தது. எஞ்சின் ஓடியதென்றால் ஆள் ஓட்டினார் என்று அர்த்தமில்லை என்று சொல்லி, நான் பூட்டிய சுற்றைக் காட்டினேன். கியர் எதிலும் விழாமல் இருந்தது. சாவி பூட்டில் இல்லை. ஸ்டியரிங் அசையவில்லை, சாவியை உருவினால்தான் அது பூட்டுப்படும். அதிகாரி, உப்பில் துரு ஏறி இறுகியிருக்கும் என்றார்.

அந்நேரம் யோகராசாவின் மனைவி அன்னப்பூரணி, வீட்டிலிருந்த மற்றச் சாவியை என் கையில் தந்தார். பூட்டில் எண்ணெய் விட்டு, சாவியைப் போட்டுத் திருப்பினேன். ஸ்டியரிங் விடுபட்டு இரண்டு பக்கமும் சுகமாகத் திரும்பியது. துருவில் இறுகியிருந்தால் அது திரும்பியிராது.

"அப்ப இவர் உள்ளுக்க இருக்கல்லியா, நானா?" என்று அன்னப்பூரணி கேட்டார்.

"இல்ல தங்கச்சி. சாவிய எடுத்துக்கிட்டு இறங்கித்தான் இரிக்கார். எஞ்சின் ஆறி முடியிறதுக்குள்ள ஆரோ காரத் தள்ளி இரிக்கானுகள்."

அதன் பின்னர் அவர் அதிகாரியைப் பார்த்து, "அப்ப இவர ஆர் இறக்கினதெண்டு தேடுங்க ஐயா" என்று சொன்னார். யோகராசா உயிரோடு இருக்கிறாரா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் கார் தண்ணீரில் இறங்கும்போது அவர் அதற்குள் இல்லை என்பது எனக்குத் தெரியும். தண்ணீரில் தேடி முடித்தாகிவிட்டது என்று கோவையை மூடினால் தரையில் யாரும் அவரைத் தேடமாட்டார்கள். அதனாலேயே இதைச் சொல்கிறேன்.

இவ்வளவும் என் வாயால் சொன்னவை, என் அறிவுக்கு எட்டியவரை உண்மையானவை. எவருடைய தூண்டுதலிலும் சொல்லவில்லை. எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. இத்துடன் அவர்கள் எழுதி இணைத்த சுருக்கத்தில் மூன்று இடங்களில் 'நீரில் மூழ்கி இறந்தவர்' என்று இருந்தது. 'காரிலிருந்து இறங்கியவர்' என்று திருத்தாமல் கையொப்பம் வைக்க மாட்டேன் என்றேன். திருத்தப்பட்டது. திருத்திய இடம் ஒவ்வொன்றிலும் ஒப்பமிட்டு, கீழேயும் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ப. மு. முத்தலிப்