மறுபடி டீச்சர்

— ...ஒரு அட்டைப்பெட்டி, ஒரு குடை. அவ்வளவுதான் அக்கா. பதினோரு வருஷம் பாடம் நடத்தினவங்க மேசையில இருந்தது அவ்வளவுதான்.

— நீ எங்கேருந்து பாத்த?

— கதவுல கண்ணாடி இருக்குல்ல, அந்த வழியா. முதுகைக் காட்டிக்கிட்டு நின்னாங்க.

— உள்ள போய் ரெண்டு வார்த்தை பேசியிருக்கலாம்ல?

— எந்த பாஷையில பேசச் சொல்றீங்க?

— நாலு மாசமா சீனாவுலயே இருந்து சைனீஸ் படிக்கிறவ கேக்குற கேள்வியாடி இது?

— சட்டை என்ன விலைன்னு கேக்கத் தெரியும். பஸ் எப்ப வரும்னு கேக்கத் தெரியும். உங்க வேலை போச்சாமேன்னு கேக்குறதுக்கு இன்னும் பாடம் வரலக்கா.

— அது வரவே வராது. நம்ம புஸ்தகத்துல எல்லாருக்கும் வேலை இருக்கும். எல்லாரும் காலையில ஆறு மணிக்கு எழுந்து சந்தோஷமா பல்லு விளக்குவாங்க.

— பாத்ரூம் வாசல்ல நாலு பேர் வரிசையில நிக்கிறதையும் போட மாட்டாங்க.

— ம்... சிரிக்கிற விஷயம் இல்ல இது.

— நான் எங்க சிரிச்சேன்? நீங்கதான் ஆரம்பிச்சீங்க.

— சரி, சரி. அவங்களை ஏன் அனுப்புறாங்கன்னு தெரியுமா உனக்கு?

— தெரியாது... வயசாயிடுச்சுன்னா?

— அம்பத்து மூணு ஒரு வயசா? நேத்து ஆபீஸ்லயே கேட்டுட்டேன். அந்தச் சுருட்டைமுடிப் பொண்ணு சொன்னா. மூணு மாற்றச் சீட்டு விழுந்திருக்காம்.

— இந்தத் துண்டு உங்களோடதாக்கா?

— காதுல விழுதா?

— விழுது. துணி மடிச்சுக்கிட்டு இருக்கேன், சொல்லுங்க.

— டீச்சரை மாத்துங்கன்னு எழுதிக் குடுப்போமே, அந்தச் சீட்டு. ஆறு மாசத்துக்குள்ள ஒரே டீச்சர் மேல மூணு விழுந்தா அடுத்த ஒப்பந்தம் கிடையாதாம்.

— மூணேதானா?

— ஏன், உனக்கு முப்பது வேணுமா?

— அதுக்கில்லக்கா. இத்தனை பேர் படிக்கிற இடத்துல மூணு சும்மாவே விழுந்துடுமே. அது சீட்டு எழுதுறவங்களுக்குத் தெரிய வேண்டாமா? யாராவது சொன்னாங்களா நம்மகிட்ட?

— யாரு சொல்லுவா? பெட்டியில போட்டுட்டுப் போறோம். திங்கக்கிழமை காலையில பலகையில நம்ம பேருக்கு நேரா வேற பேரு இருக்கும். அதோட மறந்துடுவோம்.

— உங்களுக்கும் முன்னாடி மறுபடி டீச்சர்தானே?

— ஆமா... போன மாசம் வரைக்கும். ஆபீஸ்ல அவங்களா ஏதோ மாத்திட்டாங்க.

— இப்ப அந்த ஸ்வெட்டர் வாத்தியாரு.

— அவரு பாடமா நடத்துறாரு? போன்ல அவரு நாய்க்குட்டி படம் காட்டுறாரு. அந்த நாய்க்கு என்னென்ன வியாதின்னு எனக்கு இப்ப சைனீஸ்ல அத்துப்படி.

— ஆஸ்பத்திரியில மனுஷங்களுக்குப் பாக்கணும்னுதானே உங்களை அனுப்பினாங்க.

— அதையேதான் நானும் நெனச்சுக்குவேன். மறுபடி டீச்சர்கிட்ட இந்த நாய்க்கதையெல்லாம் நடக்காது. ஒரு டீச்சர், ஒரு மாணவி, நடுவுல ஒரு மேசை. தப்பிச்சு எங்க ஓடுறது?

— பேனா மூடியால மேசையைத் தட்டுவாங்க. மறுபடி. இன்னொரு தட்டு. மறுபடி.

— கையை வேற மேல கீழ ஆட்டிக் காட்டுவாங்க, குரல் எங்க ஏறணும் எங்க இறங்கணும்னு. எனக்குப் பாடமே தோள்பட்டை வலியாத்தான் ஞாபகம் இருக்கு.

— எனக்கு முதல் வாரம் ஞாபகம் வருதுக்கா. படிக்கப் படிக்க அழுதுட்டேன். டீச்சர் ஏன்னு ஒண்ணும் கேக்கல. புஸ்தகத்தை மூடி வச்சுட்டு, நான் முடிக்கிற வரைக்கும் ஜன்னலையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. முடிச்சதும் புஸ்தகத்தைத் திறந்து...

— மறுபடி.

— மறுபடி. ஆமா. அன்னைக்கு எனக்கு எங்க அம்மா ஞாபகம்தான் வந்துச்சு.

— அப்படிப்பட்டவங்களுக்குப் போய் எழுதியிருக்காங்க பாரு மூணு பேரு.

— யாருன்னு சொன்னாளா அந்தப் பொண்ணு?

— மூச்சு விடல. வார்டுல அட்டெண்டரை அதட்டுற மாதிரி அதட்டிப் பாத்தேன். சைனீஸ்ல சரியா வரல, சிரிச்சுட்டா.

— விடுங்கக்கா. இனிமே தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?

— ஆகும். மூணுல ஒருத்தர் சீட்டைத் திரும்ப வாங்கிக்கிட்டா போதுமாம். மிச்சம் ரெண்டுதானே. வேலை தங்கிடும்.

— ...நெஜமாவா?

— நெஜமாத்தான். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள.

— இப்ப மணி என்ன?

— நாலு அடிச்சு அஞ்சு நிமிஷம். அதான் ரெண்டு நாளா ஹாஸ்டல்ல ஒவ்வொரு கதவாத் தட்டிக்கிட்டு இருக்கேன். மேல் மாடி மீசைக்காரரு இல்லன்னுட்டாரு. அந்த அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் சத்தியமே பண்றாங்க. கப்பல்காரரு, அவருக்கு அப்படி ஒரு சீட்டு இருக்கறதே தெரியாது.

— எல்லாரையும் கேட்டீங்களா?

— எல்லாரையும்.

— என்னைக் கேக்கல.

— உன்னை எதுக்குடி கேக்கணும்? ஒரே ரூம்ல இருக்கோம். எழுதினா சொல்லியிருக்க மாட்டியா?

— எல்லாரையும்னீங்களே.

— சரி, கேக்குறேன். மறுபடி டீச்சர்கிட்ட உன் பாடம் பன்னெண்டு மணிக்கு. ரெண்டு வாரமா அந்த நேரத்துல நீ ரூம்லதான் இருக்க.

— சாப்பிட வர்றேன்.

— சாப்பாடு ஒரு மணிக்கு.

— உங்களுக்கு எப்படித் தெரியும் நான் ரூம்ல இருக்கறது? அப்ப நீங்க நாய்க்குட்டி பாத்துக்கிட்டுல்ல இருப்பீங்க?

— மாத்திரை எடுக்க வந்தேன் ஒருநாள். கதவு உள்பக்கம் பூட்டியிருந்துச்சு. உள்ள நீ பாடிக்கிட்டு இருந்த.

— ...பாப்பாகிட்ட பேசிக்கிட்டு இருந்தேன்.

— ம்.

— கோபப்படாதீங்கக்கா.

— நான் ஒண்ணும் சொல்லல. நீ சொல்லு.

— இங்க பன்னெண்டுன்னா அங்க காலையில. அந்த ஒரு மணிநேரம்தான் அவரும் அவளும் ஒண்ணா வீட்டுல இருப்பாங்க. அதுக்கப்புறம் நாத்தனார் வீட்டுல விட்டுட்டு ஷிப்டுக்குப் போயிடுவாரு. திரும்பி வர்றப்ப அவ தூங்கியிருப்பா.

— நாத்தனார் வீட்டுக்குக் கூப்பிடுறது...

— கூப்பிட்டா நாத்தனார்தான் பேசுவாங்க. முழுக் கதையும் பேசுவாங்க. பாப்பாவைக் குடுங்கண்ணின்னு நான் நுழையறதுக்குள்ள பாப்பா வெளையாடப் போயிருப்பா.

— ஞாயித்துக்கிழமை பேசுவியே.

— ஞாயித்துக்கிழமை மட்டும்தான் பேசினேன், மூணரை மாசம். ஒரு ஞாயித்துக்கிழமை போனை அவ மூஞ்சிக்கு நேரா புடிச்சாரு. என்னை உத்து உத்துப் பாத்தா. அப்புறம் அவர் பக்கம் திரும்பி, இந்த ஆன்ட்டி யாருப்பான்னா.

— அடக் கடவுளே.

— மூணு வயசுக்கா அவளுக்கு. நான் பெத்தவ.

— அழாத. மூஞ்சியைத் துடை. அந்தத் துண்டை எடு.

— செருப்பு கம்பெனியில ஆர்டர் எடுக்க எனக்குச் சைனீஸ் வேணும், சரி. திரும்பிப் போனா சம்பளம் கூடும், சரி. ஆனா நான் எதுக்காகப் போகணுமோ அவளே என்னை யாருன்னு கேட்டா...

— நேரத்தை மாத்துங்கன்னு எழுத வேண்டியதுதானே? டீச்சரை எதுக்கு மாத்தின?

— நேரம் மாத்த ஒரு மாசம் ஆகும். டீச்சரை மாத்தினா ரெண்டே நாள்ல நேரமும் சேந்து மாறிடும். அப்படித்தானேக்கா எல்லாரும் பண்றாங்க?

— சீட்டுல எந்தக் கட்டத்துல டிக் போட்ட?

— முதல் கட்டம்.

— ‘கற்பிக்கும் முறை ஒத்துவரவில்லை.’

— அதைப் போட்டாத்தான் கேள்வி கேக்க மாட்டாங்கன்னு... நான் அவங்களை ஒரு நிமிஷம்கூட நெனக்கல. ஒரு கட்டம்னுதான் நெனச்சேன். அவங்க மேல ஒரு குறையும் இல்லக்கா எனக்கு.

— உன் புது டீச்சர் எப்படி?

— தங்கமானவரு. என்ன உளறினாலும் ரொம்ப நல்லது, ரொம்ப நல்லதும்பாரு. எனக்கே தெரியும் நான் சொன்னது தப்புன்னு. அவரு நல்லதுன்னுட்டு மணியைப் பாப்பாரு.

— ஒரு வாரமாவது யோசிச்சிருக்கலாம்.

— யோசிச்சா எழுதியிருக்க மாட்டேன். இப்ப சொல்லுங்க, திரும்ப வாங்கினா பழைய நேரம்தானே குடுப்பாங்க?

— அதே டீச்சர், அதே பன்னெண்டு மணி. படிப்பு முடியற வரைக்கும் திரும்ப மாத்த முடியாது.

— இன்னும் ரெண்டு மாசம்.

— ரெண்டு மாசம்.

— இப்பத்தான் அவ அம்மான்னு கூப்பிடுறா. முந்தாநாள் தானா கூப்பிட்டா, அவர் சொல்லிக் குடுக்காம. ரெண்டு மாசத்துல மறுபடி மறந்துடுவாளா?

— மறக்க மாட்டா.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— தெரியாது. சொன்னேன்.

— ...மணி?

— நாலு இருபத்தஞ்சு.

— அவங்களுக்கு இந்த வேலை போனா வேற கெடைக்குமா?

— ரெண்டு பஸ் மாறி வர்றாங்க இங்க. பக்கத்துல கெடைச்சிருந்தா இவ்வளவு தூரம் எதுக்கு வர்றாங்க? கூட ஒரு தம்பி இருக்காரு, உடம்பு முடியாதவரு. சுருட்டைமுடிதான் சொன்னா.

— இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?

— முன்னாடி சொல்லியிருந்தா?

— முன்னாடியே எழுந்திருப்பேன். என் செருப்பு எங்க? கட்டிலுக்குக் கீழயா?

— இரு. ஆபீஸ்ல வெறும் கையெழுத்து மட்டும் இல்ல. டீச்சரைக் கூப்பிட்டு, அவங்க முன்னாடி வச்சுத்தான் சீட்டைத் திருப்பிக் குடுப்பாங்க. யாரு எழுதினது, எதுல டிக் போட்டது, எல்லாம் அவங்க படிப்பாங்க.

— படிக்கட்டும்.

— உன்னை நிமிந்து பாப்பாங்க.

— பாக்கட்டும்க்கா. அப்படிப் பாக்கப்பட வேண்டியவதான் நான். எனக்கு மன்னிப்பு கேக்கற பாடம் வந்துடுச்சு, ஏழாவது பாடம். தப்பா சொன்னா மறுபடின்னுவாங்க. சொல்றேன். எத்தனை தடவை வேணாலும் சொல்றேன்.

— பாப்பா?

— ஞாயித்துக்கிழமை இருக்குல்ல. ஆன்ட்டின்னாலும் பரவாயில்ல, ஊருக்குப் போனப்புறம் தூக்கி வச்சுக்கிட்டா தெரிஞ்சுட்டுப் போகுது யாருன்னு. ...எழுந்திருங்க, எனக்குத் துணைக்கு வாங்க. தனியாப் போனா வாசல்லயே திரும்பிடுவேன்.

— ...

— அக்கா? ரோட்டைத் தாண்டிப் போகணும். மணி நாலரை ஆயிடுச்சு.

— செருப்பைக் கழட்டு.

— என்னது?

— கழட்டிட்டு உக்காரு. நீ போக வேண்டாம்.

— இவ்வளவு நேரம் அவங்களுக்காகத்தானே கெடந்து தவிச்சீங்க! இப்ப போகாதேன்னா?

— மூணு பேரும் வேண்டாம்டி. ஒருத்தர் போனா போதும்.

— அந்த ஒருத்தர் நான்தானே. வேற யாரு ஒத்துக்கிட்டா?

— ஆபீஸ்ல ஒண்ணும் என்னை மாத்தல. நான்தான் எழுதிக் குடுத்தேன். முதல் சீட்டு என்னோடது.

— ...நீங்களா?

— எனக்கு உன்னை மாதிரி குழந்தை குட்டி காரணமெல்லாம் இல்ல. ‘எங்க வலிக்குது’, இந்த ஒரே வரியை அம்பது நிமிஷம் சொல்ல வச்சாங்க. இருபது வருஷமா நோயாளிகளைக் கேட்ட வரி அது. கடைசியில புஸ்தகத்தை மூடிட்டு, நீங்க கேக்கல, அதட்டுறீங்கன்னாங்க. பொறுக்கல எனக்கு. அன்னைக்கே எழுதிப் போட்டேன், வேணும்னேதான் போட்டேன்.

— அப்ப இந்த ரெண்டு நாளா கதவு கதவாத் தட்டினது... அவங்க வேலையைக் காப்பாத்தத்தானேக்கா?

— இல்லடி. வேற யாராவது போய்த் திரும்ப வாங்கிட்டா, நான் அவங்க மூஞ்சில முழிக்க வேண்டாமேன்னுதான்.